சிறு காரின் நடுக்கம்

மோட்டார் வண்டியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே சொல்கிறார்கள். எந்த ஆண்டில் எந்த வண்டி மணிக்கு எத்தனை மைல் ஓடிற்று, எந்தப் பந்தயத்தில் யார் முந்தினார் என்னும் கணக்குகளில் எனக்கு அவ்வளவாக ஆர்வம் ஏற்பட்டதில்லை. ஓடாமல் நிற்கும் வண்டியைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன். நாற்சந்தியில் சிவப்பு விளக்கைக் கண்டு ஒரு சிறு கார் நிற்கிறது. சக்கரங்கள் அசையவில்லை. எனினும் ஓட்டுபவரின் கையிலுள்ள ஸ்டீரிங் மெல்ல நடுங்குகிறது. கியர்க் கம்பி தானாகவே தலையாட்டுகிறது. பின்புறம் காட்டும் கண்ணாடியில் உருவங்கள் மங்கித் துடிக்கின்றன. அருகிலேயே நிற்கும் பெரிய வண்டியிலோ எஞ்சின் ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்பதுகூடத் தெரியவில்லை.

சிறு காரைச் செய்தவர்கள் அக்கறையின்றிச் செய்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நடுக்கம் எஞ்சினின் பிறவிக் குணம். அதைப் பணத்தால் போக்க ஒரு வழி உண்டு. அந்த வழி மோட்டார் யுகம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. பணமில்லாமல் போக்க என்ன வழி என்பதுதான் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியியலாரை வாட்டிய கேள்வி. அரசர்கள் அமர்ந்து சென்ற வண்டியில் இருந்த அமைதி, மாதச் சம்பளக்காரர் வாங்கும் வண்டிக்கு வந்து சேர்ந்த கதையே நான் சொல்லப்போவது.

முதலில் நடுக்கம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். நம் வீடுகளில் மாவு சலிப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். சல்லடை இடப்புறம் போகும்போது சலிப்பவரின் உடல் சற்றே வலப்புறம் ஒதுங்கும்; சல்லடை திரும்பி வரும்போது உடலும் திரும்பும். அவரை ஊஞ்சற் பலகையின்மேல் உட்காரவைத்துச் சலிக்கச் சொன்னால் ஊஞ்சலே ஆடத் தொடங்கிவிடும். எஞ்சினில் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்தான் அந்தச் சல்லடை. வண்டி முழுவதும் அந்த ஊஞ்சல். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், விநாடிக்கு 50 சுற்று ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் உச்சியில் ஒருமுறையும் அடியில் ஒருமுறையும் நின்று திரும்ப வேண்டும். ஆகவே விநாடிக்கு 100 தடவை அது நின்று, எதிர்த்திசையில் பாய்கிறது. வேகம் இரு மடங்கானால் இந்த உதறல் நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு.

இது ஒரு நடுக்கம். இன்னொன்றும் உண்டு. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி வெடிக்கும்போது கிராங்க் தண்டு ஒரு பக்கமாகத் திருகப்படுகிறது. அதே வலிமையோடு எஞ்சினின் உடல் மறுபக்கமாகத் திருக முயல்கிறது. வெடிப்புகள் அடுத்தடுத்து நெருக்கமாக வந்தால் இந்தத் திருகல் ஒரே சீரான தள்ளுதலாகத் தோன்றும். இடைவெளி விட்டு வந்தால் குத்துக் குத்தாக உறைக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நேர்கிறது. நின்ற நிலையில் நிமிஷத்துக்கு 900 சுற்று ஓடும் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர் இருந்தால் விநாடிக்கு 30 வெடிப்பு. இரண்டே இருந்தால் 15. சிலிண்டர் குறையக் குறைய ஒவ்வொரு குத்தும் தனித்தனியாக நம் முதுகுக்குத் தெரியவருகிறது.

பிஸ்டன் உதறலுக்கு மாற்று என்ன? ஒரே உரலில் இரு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவது போல, ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றொன்று இறங்கும்படி செய்தால் ஒன்றின் உதறலை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். ஆனால் இரு பிஸ்டன்களும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்க முடியும். அதனால் எஞ்சினின் ஒரு முனை எழும்பும்போது மறு முனை அமுங்கும். எஞ்சின் ஏற்றப்பலகை போல் ஆடும். நான்கு பிஸ்டன்களை வரிசையாக வைத்து, ஓரத்திலுள்ள இரண்டும் ஏறும்போது நடுவிலுள்ள இரண்டும் இறங்கும்படி அமைத்தால் அந்த ஆட்டமும் தீரும். உலகத்துச் சிறு கார்களில் மிகப் பலவும் இந்த நான்கு சிலிண்டர் அமைப்பை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இதுவே.

அப்படியும் கணக்கு முழுதும் தீருவதில்லை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு சாய்ந்து சாய்ந்து வேலை செய்வதால், பிஸ்டனின் ஏற்றமும் இறக்கமும் ஒரே சீராக இருப்பதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். பிஸ்டன் மேலிருந்து கீழே 80 மில்லிமீட்டர் இறங்குவதாகவும், இணைக்கும் தண்டு 160 மில்லிமீட்டர் நீளம் உள்ளதாகவும் கொள்வோம். கிராங்க் முதற் கால் சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் 45 மில்லிமீட்டர் இறங்கிவிடும். அடுத்த கால் சுற்றில் எஞ்சிய 35 மில்லிமீட்டர் மட்டுமே இறங்கும். ஏறும் இரு பிஸ்டன்களும் இறங்கும் இரு பிஸ்டன்களும் இவ்வாறு சமமில்லாமல் ஓடுவதால் ஓர் எச்சம் நிற்கிறது. சுற்றுக்கு இரு தடவை என்னும் தாளத்தில் அது எஞ்சினை மேலும் கீழும் உலுக்குகிறது. நான்கு சிலிண்டர் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டவுடன் கதவுகளும் கண்ணாடிகளும் சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று முரலுவதைக் கேட்டவர்கள் இந்த எச்சத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்தால் இந்த எச்சமும் அற்றுப்போகும். 1906ஆம் ஆண்டில் வெளிவந்த ரோல்ஸ் ராய்ஸின் 40/50 குதிரைத் திறன் வண்டிக்கு ஆறு சிலிண்டர். ஏழு லிட்டர் கொள்ளளவு. அதன் அமைதிக்குப் புகழ் பரவியதில் வியப்பில்லை. பணத்தால் போக்கும் வழி என்று நான் மேலே சொன்னது இதைத்தான். சிலிண்டரைக் கூட்டிக்கொண்டே போகலாம், விலை கொடுப்பார் இருந்தால்.

இனி, வேறு வழி தேடிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரடெரிக் வில்லியம் லாங்செஸ்டர் 1868இல் லண்டனில் பிறந்தவர். பர்மிங்காம் நகரில் தம் சகோதரர்களோடு சேர்ந்து மோட்டார் வண்டி செய்தவர். அவருடைய முதல் வண்டி 1896ஆம் ஆண்டளவில் ஓடிற்று. அதற்கு ஒரே ஒரு சிலிண்டர். அது எப்படிக் குலுங்கியிருக்கும் என்று எவரும் ஊகிக்கலாம். பிறர் அதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டார்கள். லாங்செஸ்டர் ஏற்கவில்லை. அவர் அடுத்துச் செய்த எஞ்சினைப் போல அதற்கு முன் யாரும் செய்ததில்லை. இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே படுத்த நிலையில் இருந்தன. கிராங்க் தண்டும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்று வலம் சுற்ற மற்றொன்று இடம் சுற்றும். ஒவ்வொரு பிஸ்டனும் இரு கிராங்குகளோடும் இணைக்கப்பட்டது. இரண்டு பிஸ்டனுக்கு ஆறு இணைதண்டுகள்! பிஸ்டன்களின் உதறலை எதிர்ப்பிஸ்டன் வாங்கிற்று. வெடிப்பின் திருகலை எதிர்க்கிராங்க் வாங்கிற்று. இரு சிலிண்டர் எஞ்சினில் இதற்குமேல் அமைதியை எதிர்பார்க்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதன் விலை? ஒன்றுக்கு இரண்டாகக் கிராங்க், ஆறாக இணைதண்டு, அவற்றை இணைக்கும் பற்சக்கரங்கள் என்று பொருட்செலவு ஏறிற்று. வாங்கியவர்கள் செல்வர்கள். எழுத்தாளர் கிப்ளிங் ஆரம்ப கால வாடிக்கையாளர்களுள் ஒருவர். நம் நாட்டில், கிரிக்கெட் ஆட்டத்தால் உலகப் புகழ்பெற்ற நவாநகர் ஜாம் சாகிப் ரஞ்சித்சிங்ஜி லாங்செஸ்டர் வண்டிகளைப் பலவாக வாங்கி வைத்திருந்தார். குலுங்காத வண்டி அரண்மனைக் கொட்டகையில் நின்றது.

லாங்செஸ்டர் அத்தோடு நிற்கவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் எஞ்சும் அந்த இரட்டைத் தாள நடுக்கத்துக்கும் ஒரு மருந்து கண்டார். எஞ்சினின் அடியில் இரு சிறு எடைத் துண்டுகள். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் இவை இரண்டு சுற்றுச் சுற்றும். ஒன்று வலமாக, மற்றொன்று இடமாக. இரண்டும் பக்கவாட்டில் இழுக்கும் இழுப்பு ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். மேலும் கீழும் இழுக்கும் இழுப்போ ஒன்றோடு ஒன்று கூடும். அந்தக் கூட்டு இழுப்பைப் பிஸ்டன்களின் எச்சத்துக்கு நேர் எதிராக அமைத்துவிட்டால் நடுக்கம் பிறந்த இடத்திலேயே மடிந்துபோகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதற்கு அவர் காப்புரிமை பெற்றுவிட்டார். 1920-களில் வாக்ஸால் கம்பெனி தன் பெரிய நான்கு சிலிண்டர் வண்டி ஒன்றில் இதைப் பொருத்திற்று. சிறு வண்டி செய்வோர் எவரும் அதன் பக்கம் போகவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சிறிய எஞ்சினில் பிஸ்டன் இலேசானது, ஓடும் தொலைவும் குறைவு, எச்சமும் சிறியது. அதற்காக இரண்டு தண்டும் பற்சக்கரமும் சேர்ப்பதை வாங்குபவரின் பை தாங்காது.

அப்படியானால் சிறு வண்டி வாங்குபவருக்குக் கிடைத்தது என்ன? முதல் உலகப் போருக்குச் சற்று முன் ‘சைக்கிள் கார்’ என்னும் ஓர் இனம் தோன்றியது. மோட்டார் சைக்கிளின் எஞ்சினைத் தூக்கி ஒரு சட்டத்தில் வைத்து, பட்டையாலோ சங்கிலியாலோ சக்கரத்தைச் சுழற்றுவார்கள். மழைக்கு மறைவு கிடையாது. நடுக்கத்துக்கு எல்லை கிடையாது. ‘ஏழைக்குக் கார் என்றால் இதுதான்’ என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், 1921இல், இங்கிலாந்தின் சர் ஹெர்பர்ட் ஆஸ்டின் ஒரு சிறு வண்டி செய்ய விரும்பினார். அவருடைய கம்பெனியோ கடன் தொல்லையில் இருந்தது, இயக்குநர்கள் இணங்கவில்லை. ஆஸ்டின் தம் கைப்பொருளையே போட்டு, லிக்கி கிரேஞ்ச் என்னும் தம் வீட்டுப் பில்லியர்ட்ஸ் அறையில் வரைபடம் போட ஏற்பாடு செய்தார். தொழிற்சாலையிலிருந்து அவர் அழைத்து வந்த வரைபடக்காரர் ஸ்டான்லி எட்ஜுக்கு அப்போது வயது 18.

ரோவர் கம்பெனி அந்நாளில் விற்றுவந்த சிறு வண்டியைப் போல இரண்டு சிலிண்டரே போதும் என்பது ஆஸ்டினின் எண்ணம். நான்கு சிலிண்டர்தான் வேண்டும் என்று எட்ஜ் வாதித்தார். சிலிண்டர்களை மிகச் சிறியனவாகச் செய்தால் செலவும் கட்டுக்குள் நிற்கும் என்று எடுத்துக்காட்டினார். ஒரு பெரிய கம்பெனியின் தலைவரிடம் பதினெட்டு வயதுப் பையன் மறுத்துப் பேசியதும், அந்தத் தலைவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டதும் எனக்கு மிகவும் பிடித்தமான செய்திகள். 1922இல் வெளிவந்த ஆஸ்டின் செவன் வண்டிக்கு நான்கு சிலிண்டர். விரைவிலேயே நிலைபெற்ற அதன் கொள்ளளவு 747 கன சென்டிமீட்டர். நம் வீட்டுத் தண்ணீர்ச் செம்பு ஒன்றில் அடங்கிவிடும். கிராங்க் தண்டை இரண்டே இடங்களில் தாங்கி நிறுத்தியிருந்தார்கள். வேகம் கூடினால் தண்டு நடுவில் வளையும் என்று குறை சொன்னவர்கள் உண்டு. இருந்தாலும் அது பெரிய காரைச் சிறிதாக்கிய வண்டியாக இருந்ததே ஒழிய, மோட்டார் சைக்கிளைப் பெரிதாக்கிய வண்டியாக இல்லை. சைக்கிள் கார்கள் சில ஆண்டுகளிலேயே மறைந்தன. ஆஸ்டின் செவன் 1939 வரை உற்பத்தியில் இருந்தது.

இதே கேள்வி அமெரிக்காவில் வேறு வடிவத்தில் எழுந்தது. அங்கே வண்டிகள் சிறியன அல்ல, விலைதான் சிறியது. 1929இல் செவ்ரோலே கம்பெனி, நான்கு சிலிண்டரின் விலைக்கு ஆறு சிலிண்டர் தருகிறோம் என்று முழங்கிச் சந்தையைக் கவர்ந்தது. ஹென்றி ஃபோர்டு இதற்கு விடையாக 1932இல் எட்டுச் சிலிண்டர் வண்டியையே மலிவு விலையில் கொண்டுவந்தார். இவ்விருவருக்கும் இடையே 1931ஆம் ஆண்டில், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில், வால்ட்டர் கிரைஸ்லரின் பிளிமத் வண்டி வந்தது. அதற்கு நான்கே சிலிண்டர். கொள்ளளவோ 3.2 லிட்டர். இவ்வளவு பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சின் எவ்வளவு உலுக்கும் என்பதை மேலே சொன்ன கணக்கிலிருந்து அறியலாம்.

கிரைஸ்லரின் பொறியியலார் நடுக்கத்தை அழிக்க முயலவில்லை. ‘எஞ்சின் ஆடட்டும், பயணி ஆட வேண்டாம்’ என்று தீர்மானித்தார்கள். அதுவரையில் எஞ்சினைச் சட்டத்தோடு போல்ட்டுப் போட்டு இறுக்குவதே வழக்கம். எஞ்சின் நடுங்கினால் சட்டமும் நடுங்கும், சட்டத்தின்மேல் அமர்ந்தவரும் நடுங்குவார். எந்தப் பொருளையும் சுதந்திரமாக ஆட விட்டால் அது தன் எடையின் மையத்தின் வழியே செல்லும் ஒரு கோட்டைச் சுற்றித்தான் ஆடும். எஞ்சினுக்கு அந்தக் கோடு முன்புறம் உயரமாகவும் பின்புறம் தாழ்வாகவும் சாய்ந்து செல்வதைக் கண்டார்கள். முன்னே தண்ணீர்ப் பம்புக்குக் கீழே ஒன்றும், பின்னே கியர்ப் பெட்டியின் அருகில் ஒன்றுமாக, அந்தக் கோட்டின்மேல் இரண்டே இரண்டு ரப்பர்த் தாங்கிகளில் எஞ்சினைத் தொங்கவிட்டார்கள். அளவு மீறி உருளாமல் தடுக்கப் பக்கத்தில் ஒரு தகட்டு வில். அவ்வளவுதான். ‘மிதக்கும் சக்தி’ என்னும் பொருள்படப் பெயர் சூட்டி, எட்டுச் சிலிண்டரின் மென்மையும் நான்கின் சிக்கனமும் ஒன்றாகக் கிடைப்பதாக விளம்பரம் செய்தார்கள். விளம்பரத்தில் மிகை உண்டு. ஆயினும் பொய் என்று சொல்லிவிட முடியாது.

கிரைஸ்லர் புது வண்டியை ஹென்றி ஃபோர்டின் ஆலைக்கே ஓட்டிச் சென்று, ஃபோர்டையும் அவர் மகன் எட்செலையும் ஏற்றிக் காட்டி, வண்டியை அவர்களிடமே விட்டுவிட்டு வாடகைக் காரில் வீடு திரும்பினார் என்று சொல்வார்கள். மந்தக் காலத்தில் மற்றவர்களின் விற்பனை சரிந்துகொண்டிருக்க, பிளிமத் அமெரிக்கச் சந்தையில் மூன்றாம் இடத்துக்கு ஏறிற்று. பிரான்சிலிருந்து ஆந்திரே சித்ரோவன் அதற்கு உரிமம் பெற்றார். 1932 முதல் அவருடைய வண்டிகளின் முகப்பில் நீந்தும் அன்னத்தின் சின்னம் பொறிக்கப்பட்டது. நீருக்கடியில் கால்கள் ஓயாமல் துழாவிக்கொண்டிருக்க, மேலே அசையாமல் செல்லும் பறவை அது. இதைவிடப் பொருத்தமான சின்னத்தை எவராலும் தேர்ந்திருக்க முடியாது.

நடுக்கத்தை அழிப்பது உயர்ந்தது, மறைப்பது தாழ்ந்தது என்று கருதும் பொறியியலார் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. லாங்செஸ்டரின் அறிவு சிலருக்குப் பயன்பட்டது. இரண்டு ரப்பர்த் துண்டுகள் கோடிக்கணக்கானவர்களின் முதுகைக் காத்தன. இன்றும் எஞ்சின் உள்ள எந்தக் காரையும் திறந்து பாருங்கள். எஞ்சின் ரப்பரின்மேல்தான் அமர்ந்திருக்கும். அந்த ரப்பர் சில ஆண்டுகளில் வெயிலிலும் எண்ணெயிலும் இறுகிக் கட்டையாகிவிடும். அப்போது திடீரென்று வண்டி நடுங்கத் தொடங்கும். ‘எஞ்சின் போய்விட்டது, இறக்கிக் கட்ட வேண்டும்’ என்று சொல்லிப் பெரும் பணம் கேட்கும் பட்டறைகளை நானும் பார்த்திருக்கிறேன். மவுண்டிங் ரப்பரை மாற்றிவிட்டுச் சொற்பத் தொகையோடு அனுப்பிவைத்த மெக்கானிக்குகளையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பா ஏழையாயிற்று. மீண்டும் மிகச் சிறு வண்டிகள் வேண்டியிருந்தன. 1948இல் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோவன் கம்பெனி காட்டிய ‘இரண்டு குதிரை’ வண்டி, உழவர்களுக்காக எண்ணப்பட்டது. ஒரு கூடை முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் முட்டை உடையக் கூடாது என்பது அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்றாகச் சொல்லப்படும். அதன் எஞ்சின் 375 கன சென்டிமீட்டர், காற்றால் குளிர்வது, எதிரெதிரே படுத்த இரு சிலிண்டர். இரு பிஸ்டன்களும் ஒரே கணத்தில் வெளியே போகும், ஒரே கணத்தில் உள்ளே வரும்; ஆகவே உதறல் ஏறத்தாழ முழுவதும் தீர்ந்துவிடும். லாங்செஸ்டரின் பழைய எண்ணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, இரண்டாம் கிராங்கை விட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம்.

இத்தாலியில் தாந்தே ஜக்கோசா வேறு பாதையில் போனார். 1936இல் அவர் உருவாக்கிய சிறிய ஃபியட் 500 வண்டிக்கு 569 கன சென்டிமீட்டரில் நான்கு சிலிண்டர் வைத்திருந்தார். 1957இல் அதே பெயரில் புது வண்டி செய்தபோது விலையைக் கருதி இரண்டாகக் குறைத்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. வெடிப்பு சுற்றுக்கு ஒன்றாகச் சீராக வரும் என்பது இதன் நன்மை. உதறலைப் பொறுத்தவரை இரண்டு சிலிண்டரும் சேர்ந்து ஒரே பெரிய சிலிண்டர்போல நடந்துகொள்ளும் என்பது தீமை. ஜக்கோசா எஞ்சினைப் பின்னால் வைத்து, அதன் பின்முனையை ஒரு சுருள்வில்லால் தாங்கி ஆடவிட்டார். வண்டியில் ஏறியவருக்கு எஞ்சின் இருப்பது மறந்துபோயிருக்காது. இருந்தாலும் ஸ்கூட்டரில் மனைவி மக்களை ஏற்றிச் சென்ற இத்தாலியக் குடும்பங்கள் அதை மனமுவந்து ஏற்றுக்கொண்டன.

ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பெனி தன் வண்டி ஒன்றுக்கு ‘3=6’ என்றே பெயரிட்டது. இரு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு உண்டு. ஆதலால் அதன் மூன்று சிலிண்டர் வழக்கமான ஆறு சிலிண்டருக்குச் சமம் என்பது வாதம். வெடிப்புக் கணக்கில் அது சரி. பிஸ்டன் கணக்கில் மூன்று மூன்றே. மூன்று சிலிண்டர் எஞ்சினில் மேலும் கீழும் உதறல் இராது. ஆனால் முன்முனை எழும்பப் பின்முனை அமுங்கும் அந்த ஏற்றப்பலகை ஆட்டம் இருந்தே தீரும். வீச்சு இரண்டானாலும் நான்கானாலும் அதில் மாற்றமில்லை.

லாங்செஸ்டர் இவற்றையெல்லாம் காண உயிரோடு இல்லை. பறத்தல் பற்றி முன்னோடியான நூல்கள் எழுதியவர். 1922இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானவர். ஆயினும் அறிவைப் பொருளாக்கும் வித்தை அவருக்குக் கைவரவில்லை. பார்வை மங்கி, நடுக்குவாத நோயும் பற்றி, 1946 மார்ச்சில் பர்மிங்காமில் காலமானார். நடுக்கத்தோடு வாழ்நாள் முழுவதும் போராடியவரின் கைகள் கடைசியில் நடுங்கின என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அவருடைய இரட்டைத் தண்டை 1975இல் ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனி மீண்டும் உயிர்ப்பித்தது. இரு தண்டுகளையும் ஒரே மட்டத்தில் வைக்காமல், ஒன்றை உயரத்திலும் மற்றொன்றைத் தாழ்விலும் வைத்தார்கள். அதனால் மேலும் கீழுமான உதறலோடு பக்கத் திருகலிலும் ஒரு பகுதி தணிந்தது. பந்தய வண்டிக்குப் பேர்போன போர்ஷே கம்பெனியே தன் 944 என்னும் நான்கு சிலிண்டர் வண்டிக்கு, 1982இல், மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்றுக்கொண்டது. எனினும் என் கவனத்தை ஈர்ப்பது அந்த உயர்விலை வண்டி அன்று. 1977இல் டைஹட்சு கம்பெனி வெளியிட்ட ஷரேட் என்னும் சிறு வண்டிதான். 993 கன சென்டிமீட்டர், நான்கு வீச்சு, மூன்று சிலிண்டர். ஏற்றப்பலகை ஆட்டத்தைத் தடுக்க, கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும் ஒரு சமநிலைத் தண்டு. ஒரு லிட்டருக்கும் குறைந்த எஞ்சினுக்கு இந்த வசதி கிடைத்ததை அரண்மனைக் கொட்டகையின் பூட்டுத் திறந்த நாள் என்றே நான் கருதுகிறேன்.

நம் நாட்டுக்கு மூன்று சிலிண்டர் 1983இல் மாருதி 800 வழியாக வந்தது. அதுவரையில் அம்பாசடர், பிரிமியர் பத்மினி, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய எல்லாவற்றுக்கும் நான்கு சிலிண்டர். ஒரு சிலிண்டரைக் குறைத்தால் உராய்வு குறைகிறது, எடை குறைகிறது, பெட்ரோல் மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்கு ஈடாக நிற்கும்போது சிறிது நடுக்கம். இந்தியக் குடும்பங்கள் இந்தப் பண்டமாற்றை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டன. 2014 வரை அந்த வண்டி உற்பத்தியில் இருந்தது. 2008 ஜனவரியில் டில்லிக் கண்காட்சியில் ஒரு லட்சம் ரூபாய் வண்டி என்று காட்டப்பட்ட டாடா நானோவுக்கு இரண்டே சிலிண்டர், 624 கன சென்டிமீட்டர். செலவைக் குறைப்பதற்காக இடப்புறக் கண்ணாடியைக்கூட ஒதுக்கிய அந்த வண்டியில், ஒரு சமநிலைத் தண்டை மட்டும் விட்டுவிடவில்லை. அந்த வண்டி சந்தையில் வெற்றி பெறவில்லை. அதற்குக் காரணங்கள் வேறு.

கடைசியாக ஒரு விசித்திரம். 2012இல் ஃபோர்டு கம்பெனி ஐரோப்பாவில் வெளியிட்ட ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சினில் சமநிலைத் தண்டு கிடையாது. தண்டு இருந்தால் அதைச் சுழற்றச் சக்தி செலவாகும் என்று அதை விலக்கினார்கள். அதற்குப் பதிலாக, எஞ்சினின் பின்புறச் சுழல் சக்கரத்தையும் முன்புறக் கப்பியையும், ஒரு பக்கம் கனமாக இருக்கும்படி, வேண்டுமென்றே சமநிலை கெடுத்துச் செய்தார்கள்! இந்தப் புதுக் கோணல் பழைய ஆட்டத்தை அழிப்பதில்லை. அதன் திசையை மாற்றுகிறது. மேலும் கீழுமாக ஆட வேண்டிய எஞ்சின் பக்கவாட்டில் ஆடுகிறது. பக்கவாட்டில் ரப்பர்த் தாங்கிகள் மென்மையாக இருக்கலாமாதலால் ஆட்டம் அங்கேயே அடங்கிவிடுகிறது. 2013 முதல் சில ஆண்டுகள் இந்த எஞ்சினோடு நம் சாலைகளில் விற்கப்பட்ட ஈக்கோஸ்போர்ட் வண்டி, சென்னையை அடுத்த மறைமலை நகரில் பூட்டப்பட்டது. அதன் முகப்பு மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், எஞ்சின் தன் ரப்பரின்மேல் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருப்பதைக் காணலாம்; உள்ளே வந்து அமர்ந்தால் அந்த அசைவு தெரிவதில்லை.